ஆற்றுப்படுகை யாருக்குச் சொந்தம்? அமெரிக்க மாநிலங்களும் மத்திய அரசும்

கேள்வி இது: "அமெரிக்காவில் படகும் கப்பலும் ஓடக்கூடிய ஆறுகளின் அடிநிலம் மாநில அரசுக்குச் சொந்தம் என்று படித்தேன். அதே ஆற்றில் ஒரு படகுத்துறை கட்ட மத்திய அரசின் ராணுவப் பொறியாளர் படையிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றும் படித்தேன். எது சரி? தேசியப் பூங்காவுக்குள் ஓடும் ஆறு என்றால் யாருடைய சட்டம் செல்லும்? கடலடி நிலத்துக்கும் இதே விதியா?"

படித்த இரண்டுமே சரி. நீருக்கு அடியில் கிடக்கும் மண்ணின் உடைமை வேறு. அந்த நீரின் மேல் நடக்கும் போக்குவரத்தை ஆளும் அதிகாரம் வேறு. முன்னது பெரும்பாலும் மாநிலத்திடம் இருக்கிறது. பின்னது நாட்டின் தொடக்கம் முதலே மத்திய அரசிடம் இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டு அரசுகள் இரண்டு வெவ்வேறு தகுதிகளில் நிற்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இருநூறு ஆண்டு வழக்குகளில் பாதிக்கு மேல் தாமாகவே விளங்கிவிடும்.

உடைமை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். இங்கிலாந்துச் சட்டப்படி, அலை ஏறி இறங்கும் நீரின் அடிநிலம் மன்னருக்கு உரியது. மீன்பிடிக்கவும் படகோட்டவும் குடிமக்களுக்கு உள்ள உரிமையை அவர் பறிக்க முடியாது. விடுதலைக்குப் பின் 13 காலனிகளும் தனித்தனி இறைமை பெற்றபோது, மன்னர் கையில் இருந்தது அந்தந்த மாநில மக்களின் கைக்கு வந்தது. நியூ ஜெர்சியின் ராரிட்டன் ஆற்று முகத்துவாரத்துச் சிப்பிப் படுகைகள் பற்றி எழுந்த மார்ட்டின் எதிர் வாடெல் வழக்கில், 1842-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பின்னால் சேர்ந்த மாநிலங்களின் நிலை என்ன? அவை முதலில் மத்திய அரசின் ஆட்சிப்பகுதிகளாக இருந்தவை ஆயிற்றே? 1845-இல் பொல்லார்டு எதிர் ஹேகன் வழக்கில் அதற்கும் விடை கிடைத்தது. அலபாமாவின் மொபைல் நகரில், முன்பு அலைநீர் மூடிக் கிடந்த ஒரு மனையை மாநிலம் உருவான பிறகு மத்திய அரசு ஒருவருக்கு வழங்கியிருந்தது. அப்படி வழங்க அதற்கு உரிமையே இல்லை என்றது நீதிமன்றம். புதிய மாநிலமும் பழைய மாநிலங்களோடு சம நிலையில்தான் ஒன்றியத்தில் நுழைகிறது. ஆகவே 1819-இல் அலபாமா மாநிலமான அந்தக் கணத்திலேயே போக்குவரத்துக்குரிய நீர்நிலைகளின் அடிநிலம் அதன் கைக்கு மாறிவிட்டது. இதைத்தான் சம நிலைக் கோட்பாடு என்கிறார்கள். இதற்கு ஆவணப் பதிவோ தனிச் சட்டமோ தேவையில்லை. மாநிலம் பிறந்த நாளே போதும்.

போக்குவரத்து அதிகாரத்தின் கதை இதைவிடப் பழையது. நியூயார்க் மாநிலம் தன் நீர்நிலைகளில் நீராவிப் படகு ஓட்டும் தனியுரிமையை லிவிங்ஸ்டன், ஃபுல்டன் என்ற இருவருக்கு அளித்திருந்தது. மத்திய அரசின் உரிமம் பெற்ற கிப்பன்ஸ் என்பவர் அதை மீறிப் படகு விட்டார். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்துக்குள் நீர்வழிப் போக்குவரத்தும் அடங்கும் என்று 1824-இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் தனியுரிமை அதோடு ஒழிந்தது.

இந்த அதிகாரம் எவ்வளவு வலுவானது என்பதைக் கொலராடோ ஆற்றில் அரிசோனா பட்ட பாடு காட்டும். பின்னாளில் ஹூவர் அணை என்று பெயர் பெற்ற அணையைக் கட்ட 1928-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஆற்றின் நடுக்கோடு வரை படுகை தன்னுடையது, தன் ஒப்புதல் இல்லாமல் அதில் அணை எழுப்பக் கூடாது என்று அரிசோனா உச்ச நீதிமன்றம் சென்றது. 1931-இல் நீதிபதி பிராண்டைஸ் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தார். போக்குவரத்து அதிகாரத்தின் பேரில் நாடாளுமன்றம் செயல்படும்போது மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை. அரிசோனா அதோடு அடங்கவில்லை. கீழே பார்க்கர் அணை எழத் தொடங்கியபோது, 1934-இல் ஆளுநர் பெஞ்சமின் மோயர் தேசியக் காவல் படையையே ஆற்றங்கரைக்கு அனுப்பி வேலையை நிறுத்தினார். இம்முறை வழக்குத் தொடுத்தது மத்திய அரசு, தோற்றதும் அதுவே. அந்த அணைக்கு நாடாளுமன்றத்தின் முறையான அனுமதி இல்லை என்று 1935-இல் நீதிமன்றம் கண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் அனுமதிச் சட்டத்தை நிறைவேற்ற, அணையும் எழுந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பேன். மாநிலத்தின் உடைமையை மீறிச் செல்லும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. ஆனால் அதை நாடாளுமன்றமே வெளிப்படையாகச் செலுத்த வேண்டும். துறைச் செயலர் ஒருவர் தம் விருப்பப்படி செலுத்த முடியாது.

தனியாருக்கும் இதே சுமை உண்டு. போக்குவரத்தை மேம்படுத்த ஆற்றை ஆழப்படுத்தும்போது படுகையில் உள்ள தனியார் உரிமை பாதிக்கப்பட்டாலும் பொதுவாக இழப்பீடு கிடையாது. இதற்கும் எல்லை இருக்கிறது. ஹவாயில் தனியார் மீன்குளமாக இருந்த குவாபா குளத்தைத் தோண்டிக் கடலோடு இணைத்துப் படகுத்துறையாக்கினார்கள். இனி இது போக்குவரத்துக்குரிய நீர், எல்லாரையும் இலவசமாக உள்ளே விட வேண்டும் என்றது மத்திய அரசு. ஒழுங்குபடுத்தலாம், ஆனால் பொதுவழியாக்க வேண்டுமானால் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1979-இல் தீர்ப்பானது.

எந்த நீர் போக்குவரத்துக்குரியது என்பதுதான் அடுத்த சிக்கல். இங்கிலாந்தின் அலை அளவுகோல், மிசிசிப்பியும் மிசௌரியும் ஓடும் கண்டத்துக்குப் பொருந்தவில்லை. மிச்சிகனின் கிராண்ட் ஆற்றில் ஓடிய டேனியல் பால் என்ற நீராவிக் கப்பல் பற்றிய 1871-ஆம் ஆண்டுத் தீர்ப்பு புதிய அளவுகோலைத் தந்தது: இயல்பான நிலையில், அக்கால வழக்கப்படியான படகுகளைக் கொண்டு வணிகமும் பயணமும் நடந்த அல்லது நடக்கக்கூடிய நீர்நிலையே போக்குவரத்துக்குரியது. பெரிய கப்பல் ஓட வேண்டும் என்பதில்லை. யூட்டாவின் பெரிய உப்பு ஏரியில், பண்ணைக்காரர்கள் தங்கள் சிறு படகுகளில் ஆடுமாடுகளைத் தீவுகளுக்கு ஏற்றிச் சென்றதே போதுமான சான்று என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று, ஏரியை மாநிலத்திடம் கொடுத்தது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. உடைமைக்கு ஓர் அளவுகோல், மத்திய அரசின் ஒழுங்குமுறை அதிகாரத்துக்கு வேறோர் அளவுகோல். உடைமையைத் தீர்மானிக்க, மாநிலம் ஒன்றியத்தில் சேர்ந்த நாளில் ஆறு தன் இயல்பான நிலையில் எப்படி இருந்தது என்று பார்ப்பார்கள். ஒழுங்குமுறை அதிகாரத்துக்கு, நியாயமான செலவில் சீர்திருத்தினால் படகு ஓடுமா என்று கேட்டாலே போதும். 1940-இல் நியூ ஆறு பற்றிய வழக்கில் முடிவானது இது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் எல்லை மூன்றாவது கதை. அதை 2023-இல் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வெகுவாகச் சுருக்கியது. ஆகவே ஓர் ஆறு ஒழுங்குமுறைக்கு உட்பட்டதாகவும், அதே நேரம் அதன் படுகை மாநிலத்துக்குச் சொந்தமில்லாததாகவும் இருக்கலாம்.

உடைமை அளவுகோலை மிகத் தெளிவாக விளக்கியது 2012-இன் பிபிஎல் மொன்டானா தீர்ப்பு. மிசௌரி, மேடிசன், கிளார்க் ஃபோர்க் ஆறுகளில் நீர்மின் அணைகள் வைத்திருந்த நிறுவனத்திடம் படுகைக்கு வாடகை கேட்டது மொன்டானா மாநிலம். 2000 முதல் 2007 வரைக்கு மட்டும் ஏறத்தாழ 4.1 கோடி டாலர். மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மிசௌரி ஆறு முழுவதையும் ஒன்றாகப் பார்த்தால் போக்குவரத்துக்குரியதுதானே, நடுவில் ஓர் அருவி வந்தால் என்ன என்பது அதன் வாதம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இதை மறுத்தது. ஆற்றைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க வேண்டும். 1805-இல் நாடாய்வுப் பயணிகளான லூயிஸும் கிளார்க்கும் பெரிய அருவிகளைத் தாண்டப் படகுகளைத் தரைவழியே இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதற்கே பத்து நாள்களுக்கு மேலாயிற்று. இப்படிச் சுற்றிப் போக வேண்டியிருந்ததே அந்தப் பகுதியில் படகு ஓடாது என்பதற்குச் சான்று என்றார் நீதிபதி கென்னடி. இன்றைக்கு மிதவைப் படகில் உல்லாசமாகப் போகிறார்களே என்பதும் தானாகவே சான்றாகாது. மாநிலம் பிறந்த 1889-இல் இருந்த படகுகளால் போக முடிந்ததா, ஆறு அன்று எப்படி இருந்தது என்பதே கேள்வி. தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். பல பத்தாண்டுகளாகக் கண்ணெதிரே நின்ற அணைகளுக்கு வாடகை கேட்காமல் இருந்துவிட்டு, 2003-இல் வேறு சிலர் வழக்குத் தொடுத்த பிறகு மாநிலம் விழித்துக்கொண்டது. ஆனாலும் இதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு ஆற்றுத் துண்டுக்கும் வரலாற்று ஆய்வாளரையும் நீரியல் வல்லுநரையும் அழைத்து வர வேண்டும். பெரிய வழக்குச் செலவைத் தாங்கும் தரப்புக்கே இது வசதி.

படகு ஓடாத ஆறு என்றால் படுகை மாநிலத்துக்குப் போகாது. மத்திய அரசு கரைநிலத்தை விற்றிருந்தால் படுகையும் பொதுவாகக் கரை உரிமையாளரோடு போகும். விற்காவிட்டால் மத்திய அரசிடமே இருக்கும். அலை ஏறி இறங்கும் இடங்களுக்கு மட்டும் பழைய விதி இன்னும் உயிரோடிருக்கிறது. படகு ஓடாத சிறு கழியானாலும் அலைநீர் தொட்டால் அது மாநிலத்துடையது என்று 1988-இல் மிசிசிப்பி வழக்கில் உறுதியானது.

சம நிலைக் கோட்பாட்டுக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. மாநிலம் பிறப்பதற்கு முன்பே நீரடி நிலத்தை மத்திய அரசு வேறொரு நோக்கத்துக்காக ஒதுக்கி, அதை மாநிலத்துக்குத் தரக்கூடாது என்ற எண்ணத்தையும் தெளிவாகக் காட்டியிருந்தால், அது மாநிலத்துக்குப் போகாது. அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடா இப்படித்தான் மத்திய அரசிடம் நின்றது. 2005-இல் அது முடிவானது. பழங்குடி மக்களின் ஒதுக்கிட நிலங்களில் இந்த விலக்கு வாழ்வா சாவா என்ற கேள்வியாகிவிடுகிறது. ஐடஹோவின் கோர்டலேன் ஏரியின் தெற்கு மூன்றில் ஒரு பகுதியின் அடிநிலம் கோர்டலேன் பழங்குடிக்கு உரியது என்று 2001-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு இருபது ஆண்டு முன்பு, 1981-இல், க்ரோ பழங்குடியின் ஒதுக்கிடத்துக்கு நடுவே ஓடும் பிக்ஹார்ன் ஆற்றின் படுகை மொன்டானாவுக்குப் போயிற்று. 1868 ஒப்பந்தத்தில் படுகை என்று வெளிப்படையாக எழுதப்படவில்லை, க்ரோ மக்கள் மீனை நம்பி வாழவில்லை என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. தங்கள் நிலத்தின் நடுவே ஓடும் ஆறு தங்களுடையதல்ல என்று நினைத்துக்கொண்டா அந்த மக்கள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருப்பார்கள்? பழங்குடி ஒப்பந்தங்களை அம்மக்கள் புரிந்துகொண்ட பொருளில் படிக்க வேண்டும் என்பது அதே நீதிமன்றம் வகுத்த விதி. அந்த விதி ஆற்றங்கரையோடு நின்றுவிட்டது.

அடுத்தது கடல். இங்கே கதை தலைகீழ். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலிஃபோர்னியாவின் சம்மர்லேண்டில் கடலுக்குள் நீண்ட மரத்துறைகளின் மேலிருந்து எண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். பிறகு வந்த பல பத்தாண்டுகளில் கடலடி நிலம் தங்களுடையது என்ற நம்பிக்கையில் மாநிலங்கள் குத்தகை விட்டு வந்தன. 1945 செப்டம்பரில் ஜனாதிபதி ட்ரூமன், கண்டத்திட்டின் (கரையை ஒட்டிக் கடலுக்குள் நீளும் ஆழம் குறைந்த அடிநிலத்தின்) வளங்கள் அமெரிக்காவின் ஆளுகைக்கு உட்பட்டவை என்று பிரகடனம் செய்தார். 1947-இல் கலிஃபோர்னியா வழக்கில், தாழ்நீர்க் கோட்டுக்கு (நீர் வற்றும்போது நிற்கும் எல்லைக்கு) அப்பால் மேலுரிமை மத்திய அரசுடையதே என்றது உச்ச நீதிமன்றம். 1836 முதல் 1845 வரை தனி நாடாக இருந்தோம், மூன்று லீக் (ஏறத்தாழ ஒன்பது கடல் மைல்) தூரம் எங்கள் கடல் என்று டெக்சஸ் வாதிட்டுப் பார்த்தது. 1950-இல் கிடைத்த பதில் கசப்பானது: சம நிலை என்றால் இரு பக்கமும் சமம்தான். மற்ற மாநிலங்களுக்கு இல்லாத கடலுரிமை உனக்கும் இல்லை.

இது அரசியலாகப் பற்றி எரிந்தது. மாநிலங்களுக்குச் சாதகமாக நாடாளுமன்றம் நிறைவேற்றியவற்றை ட்ரூமன் 1946-இலும் 1952-இலும் ரத்து செய்தார். 1952 தேர்தலில் ஐசன்ஹோவர் மாநிலங்களின் பக்கம் நின்றார். டெக்சஸ் ஆளுநர் ஷிவர்ஸ் தம் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைக் கைவிட்டு அவரை ஆதரித்தார். 1953 மே மாதம் நீரடி நிலச் சட்டம் கையெழுத்தானது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை கடலடி நிலமும் வளமும் மாநிலத்துக்கு. வணிகம், போக்குவரத்து, பாதுகாப்பு, வெளியுறவு ஆகிய அதிகாரங்கள் மத்திய அரசுக்கு என்று அந்தச் சட்டமே எழுதி வைத்தது. உள்நாட்டு ஆறுகளின் படுகை மாநிலங்களுக்கே என்பதையும் அது சட்டமாகவே உறுதிசெய்தது. மூன்று மைலுக்கு அப்பாலுள்ள வெளிக் கண்டத்திட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டத்தால் மத்திய அரசிடம் நின்றது. மெக்சிகோ வளைகுடாவில் மட்டும், வரலாற்று எல்லையை நிறுவ முடிந்த மாநிலங்களுக்கு மூன்று லீக் கிடைக்க வழி இருந்தது. 1960-இல் டெக்சஸும் ஃபுளோரிடாவின் மேற்குக் கரையும் அதை வென்றன. எண்ணெய் வளத்தில் முன்னே நின்ற லூசியானாவுக்கு மூன்று மைல்தான். டெக்சஸின் அந்தக் கடல் வருமானம் பள்ளிகளுக்கான நிரந்தர நிதிக்குப் போகிறது. 1947-இன் தீர்ப்பு வரலாற்றுப்படி தவறில்லை, 1953-இன் சமரசமும் நியாயமானதே. ஆனால் வளைகுடாவில் அண்டை மாநிலங்களுக்கு இடையே விழுந்த இந்த ஏற்றத்தாழ்வை எந்தக் கொள்கையாலும் நியாயப்படுத்த முடியாது. பழைய காகிதம் கையில் இருந்தவர்கள் வென்றார்கள், அவ்வளவே.

இனிப் பூங்காவுக்கு வருகிறேன். அலாஸ்காவில் யூகான் ஆற்றின் கிளையான நேஷன் ஆறு, யூகான்–சார்லி ஆறுகள் தேசியக் காப்பகத்தின் எல்லைக்குள் ஓடுகிறது. ஜான் ஸ்டர்ஜன் என்பவர் மூஸ் மான் வேட்டைக்குக் காற்றுமெத்தை ஊர்தியில் (ஹோவர்கிராஃப்ட்) அவ்வழியே போய்வருவார். 2007-இல் ஒரு சரளைத் திட்டில் ஊர்தியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரைப் பூங்காக் காவலர்கள் தடுத்தார்கள். மாநிலச் சட்டம் அந்த ஊர்தியை அனுமதித்தது. தேசியப் பூங்காத் துறையின் விதி தடுத்தது. வழக்கு இருமுறை உச்ச நீதிமன்றம் போய், 2019-இல் ஒருமனதாக ஸ்டர்ஜன் வென்றார். அலாஸ்கா நிலங்களுக்கென்றே 1980-இல் வந்த சட்டம், காப்பக எல்லைக்குள் இருந்தாலும் மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத நிலத்தையும் நீரையும் பூங்காத் துறையின் வழக்கமான விதிகளிலிருந்து விலக்கி வைக்கிறது. ஓடும் நீர் எவருக்கும் சொந்தமில்லை, படுகையோ அலாஸ்காவுடையது. ஆகவே அந்த ஆறு பூங்கா விதிக்கு அப்பாற்பட்டது என்று நீதிபதி கேகன் எழுதினார். மற்ற மாநிலங்களில் இந்த விலக்கு இல்லை. அங்கே படுகை மாநிலத்துடையதாக இருந்தாலும் பூங்காவுக்குள் ஓடும் போக்குவரத்துக்குரிய நீரில் பூங்காத் துறை படகு விதிகளைச் செலுத்துகிறது.

ஆனால் இந்தத் தீர்ப்பு தொடாமல் விட்ட ஒரு வழக்கு வரிசை இருக்கிறது, அதைச் சொல்லாமல் அலாஸ்கா முழுமையாகாது. அத்தபாஸ்கன் இனத்து மூதாட்டி கேட்டி ஜான், தம் முன்னோர் சால்மன் பிடித்த பட்சுல்னேட்டாஸ் என்ற இடத்தில் மீன் பிடிக்க அனுமதி கேட்டார். மாநிலம் அந்த இடத்தை 1964-இலேயே மூடியிருந்தது. வாழ்வாதார மீன்பிடிப்பில் கிராம மக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அப்படித் தருவது மாநில அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அலாஸ்கா உச்ச நீதிமன்றம் 1989-இல் கூறியதால், அந்தப் பொறுப்பு மத்திய அரசின் கைக்கு வந்தது. மத்திய அரசுக்கு ஒதுக்கீட்டு நீருரிமை (ஒதுக்கிய நிலத்தின் தேவைக்கான நீரின் மேல் உள்ள உரிமை) உள்ள ஆறுகளிலும் இந்த முன்னுரிமை செல்லும் என்று 1995-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001-இல் ஆளுநர் டோனி நோல்ஸ் கேட்டி ஜானின் மீன்பிடி முகாமுக்கே சென்று அவரைச் சந்தித்துப் பேசிய பிறகு, மேல்முறையீடு செய்வதில்லை என்று முடிவெடுத்தார். படுகை மாநிலத்துடையது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் தீர்த்திருந்தால் அந்த மக்களுக்குச் சால்மன் கிடைத்திருக்காது. 2019 தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பு இந்த முந்தைய தீர்ப்புகளைக் கலைக்கவில்லை என்று குறிப்பிடுகிறது.

மாநிலத்தின் உடைமையும் விருப்பம்போல் விற்றுத் தள்ளும் உடைமையன்று. சிகாகோவுக்கு முன்னுள்ள மிச்சிகன் ஏரிப் படுகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் இலினாய்ஸ் சட்டமன்றம் 1869-இல் ஒரு ரயில் நிறுவனத்துக்குக் கொடுத்து, 1873-இல் திரும்பப் பெற்றது. மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்தை இப்படி மொத்தமாகக் கைகழுவ மாநிலத்துக்கு உரிமையில்லை, திரும்பப் பெற்றது செல்லும் என்று 1892-இல் தீர்ப்பானது. மாநிலங்களுக்குக் கிடைத்த தீர்ப்புகளிலேயே அவற்றை அதிகம் கட்டுப்படுத்துவதும், மக்களுக்கு அதிகம் பயன்பட்டதும் இதுதான் என்பேன்.

படகுத்துறைக்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். 1899-ஆம் ஆண்டின் ஆறுகள், துறைமுகங்கள் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி ராணுவப் பொறியாளர் படையிடம் ஒன்று. படுகை மாநிலத்துடையதானால் மாநில நில அலுவலகத்தில் குத்தகையோ உரிமமோ இன்னொன்று. மண் கொட்டி நிரப்புவதாக இருந்தால் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 404-ஆம் பிரிவும் வரும். மாநிலத்தின் எல்லை உயர்நீர்க் கோட்டிலா (நீர் வழக்கமாக ஏறி நிற்கும் எல்லை) தாழ்நீர்க் கோட்டிலா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகன் போன்ற சில மாநிலங்கள் உள்நாட்டு ஆற்றின் படுகையைக் கரை உரிமையாளருக்கே விட்டிருக்கின்றன, பொதுமக்களின் படகு உரிமையை மட்டும் காத்துக்கொண்டு. ஆறு மெல்ல மெல்ல நகர்ந்தால் பொதுவாக எல்லையும் கூடவே நகரும்; ஒரே வெள்ளத்தில் பாதை மாறினால் பழைய கோட்டிலேயே நிற்கும். ஆகவே நிலப் பத்திரத்தோடு மாநிலம் சேர்ந்த ஆண்டையும், அதற்கு முன் அங்கே பழங்குடி ஒதுக்கிடமோ மத்திய அரசின் ஒதுக்கீடோ இருந்ததா என்பதையும் சரிபார்த்துவிட்டே விண்ணப்பம் எழுதத் தொடங்க வேண்டும்.